பெரம்பலூர் நெத்திலி

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் செபஸ்டின் ஏறியதும் கண்டக்டரின் கண் நேராக அவன் கையிலிருந்த தெர்மாகோல் பெட்டிக்குப் போனது. பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாடை வெளியே வராமலிருக்க மேலே சுற்றியிருந்த பழைய செய்தித்தாளும் நனைந்து, இப்போது அதுவும் சேர்ந்து வாடை வீசியது.

"போன வெள்ளிக்கிழமையும் நீங்கதான சார்?" என்றார் கண்டக்டர்.

"அது சின்னப் பெட்டிங்க," என்றான் செபஸ்டின்.

அவனைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார்கள். அரியலூர் வருவதற்குள் சிமெண்ட் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. பக்கத்தில் இருந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே என்னவென்று கேட்டார். வஞ்சிரம் என்று தெரிந்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கிலோ எவ்வளவு இருக்கும், எங்கே கிடைக்கிறது, வறுவலா குழம்பா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கடற்கரையிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் ஊர்களில் வஞ்சிரத்துக்கு அப்படி ஒரு மரியாதை.

செபஸ்டினுக்கு முப்பத்தாறு வயது. சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கத்து வரதராஜன்பேட்டை. மனைவி லீலா மேரி அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். வார நாட்களில் அவன் பெரம்பலூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்த்தான். என்ன வேலை என்று ஊரில் கேட்டால், கம்ப்யூட்டரில் மீன் பார்க்கிறார் என்பாள் லீலா மேரி. கேட்டவர்கள் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை.

அவள் சொன்னதில் பிழை இல்லை. பாலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில், பன்னிரண்டு கம்ப்யூட்டர்களோடு இருந்தது அவன் ஆபீஸ். கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்கள் முன்பெல்லாம் பிடித்த மீனை ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கரைக்கு வந்தபிறகு டீ குடித்துக்கொண்டே எழுதுவார்கள். 'சுமார்', 'பரவாயில்லை', 'நேற்று மாதிரி' என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதை மாற்றத்தான் ஒரு துறைமுகத்தின் நாற்பது படகுகளில் மெஷின் பொருத்தினார்கள். வலையைக் கொட்டி மீனைத் தரம் பிரிக்கும் பலகைக்கு மேலே ஒரு கேமரா, பலகைக்கு அடியில் ஒரு தராசு. மீன் அதன்மேல் கடந்து போகும்போதே, இன்ன மீன், இத்தனை நீளம், இத்தனை எடை என்று மெஷின் தானாகப் பதிந்து சாட்டிலைட் வழியாகச் சென்னைக்கு அனுப்பிவிடும். சந்தேகம் வந்தால் மட்டும் அந்தப் படம் பெரம்பலூருக்கு வரும். இங்கே இருப்பவர்கள் பார்த்து மீனின் பெயரைச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் முடிவு. அதைப் பார்த்து மெஷினும் பாடம் கற்றுக்கொள்ளும். ஒரு படகுக்குச் சொன்னது நாற்பது படகுக்கும் பாடம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் பலரும் ஏரி விராலையும் கெளுத்தியையும் தவிர வேறு மீனைப் பக்கத்தில் பார்க்காதவர்கள். செபஸ்டின் வேளாங்கண்ணியில் கடலைப் பார்த்திருக்கிறான், முழங்கால் நனையும் அளவுக்கு. ஆனாலும் மூன்று மாதப் பயிற்சியில் இருநூறு மீன்களைப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டு, பரீட்சையில் முதலாவதாக வந்து டீம் லீடர் ஆனான். செவுளை மட்டும் காட்டினாலும் மீனின் பெயரைச் சொல்லிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வேலையில் முக்கியமானது குஞ்சு மீன். ஒரு அளவுக்குக் கீழே இருக்கும் மீனைக் குஞ்சு என்று பதிய வேண்டும். ஒரு பகுதியில் குஞ்சு அதிகம் விழுந்தால் விசைப்படகுகள் அங்கே இரண்டு வாரம் வலை போடக்கூடாது என்று உத்தரவு வரும். அதனால் குஞ்சு என்று மெஷின் சொல்லும் எல்லாப் படமும் உறுதி செய்வதற்காகப் பெரம்பலூருக்கு வந்துவிடும்.

ஜனவரி மாதத்தில் பாலாஜி என்ற படகு முதலாளி போன் செய்தார். அவருக்கு மூன்று விசைப்படகுகள். ஒரு படகின் மெஷின் எல்லா மீனையும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்கிறதாம். கேமரா கண்ணாடியில் செதில் ஒட்டியிருக்கும், துணியால் துடைக்கச் சொல்லுங்கள் என்றான் செபஸ்டின். துடைத்ததும் சரியாகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஐஸுக்கு நடுவே மூன்று கிலோ வஞ்சிரம். துடைக்கச் சொன்னதற்கு இவ்வளவா என்று செபஸ்டினுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. திருப்பி அனுப்பினால் அதற்குள் கெட்டுப் போகுமே என்றும் இருந்தது. கூச்சத்தை விட்டுவிட்டு மீனை எடுத்துக்கொண்டு போனான்.

லீலா மேரி கேட்டபோது, கம்பெனியில் கொடுக்கிறார்கள் என்றான். அவள் நம்பினாள். மீன் பார்க்கும் கம்பெனி மீன் கொடுப்பதில் என்ன ஆச்சரியம்?

அடுத்த வாரமும் பெட்டி வந்தது. அதற்கடுத்த வாரமும். பிப்ரவரியில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பிறந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது என்பதில் வரதராஜன்பேட்டையில் இரண்டு கருத்து இல்லை. மீன் கறியில் சேர்த்தியா என்பதில்தான் வீட்டுக்கு வீடு சட்டம் வேறு. செபஸ்டின் பெட்டியோடு வந்து இறங்க ஆரம்பித்ததும் மீன் கறியில் சேர்த்தியில்லை என்ற கட்சி அவன் தெருவில் மளமளவென்று வளர்ந்தது. லீலா மேரி பதினோரு வீடுகளுக்குத் துண்டு போட்டு அனுப்பினாள். கோவிலில் அவளுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைத்தார்கள்.

நான்காவது பெட்டிக்குப் பிறகு பாலாஜி மறுபடி போன் செய்தார். நலம் விசாரித்தார், பெட்டி சரியாக வந்து சேர்ந்ததா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சின்ன விசயம் சார். நம்ம போட்டுல கொஞ்சம் பொடி வஞ்சிரம் விழுவுது. மெஷின் அதைக் குஞ்சுன்னுது. நீங்க நெத்திலின்னு போட்டுட்டீங்கன்னா யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க. நெத்திலி எப்பவும் பொடிசுதான."

செபஸ்டின் உடனே சரி என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றான். போனை வைத்தபின் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கை நீளத்தில், உடம்பில் இன்னும் புள்ளிகூட சரியாக விழாத வஞ்சிரக் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கடல் எவ்வளவு பெரியது, அதில் இந்த நூறு படத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். நான்கு பெட்டி வாங்கியாகிவிட்டது, இப்போது முடியாது என்றால் மனிதர் என்ன நினைப்பார் என்றும் தோன்றியது. முதல் படத்தில் நெத்திலி என்று அழுத்தினான். அழுத்திய விரல் கொஞ்சம் சில்லிட்டது. பத்தாவது படத்தில் அதுவும் இல்லை.

அன்றிலிருந்து குஞ்சுப் படங்களையெல்லாம் அவனே தன் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் இருந்த கீதாஞ்சலிக்கு இது வினோதமாகப் பட்டது. அவள் ஆண்டிமடத்துக்காரி. வீட்டில் முந்திரிக்கொட்டையைத் தரம் பிரித்து வளர்ந்த கை. சொத்தை ஒன்று நல்ல குவியலில் விழுந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"சார், இது முழங்கை நீளம் இருக்கு. நெத்திலி விரலளவுதான?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இது நல்லா வளந்த நெத்திலிம்மா."

கீதாஞ்சலி கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் எவ்வளவு வளந்தா சார் அது வஞ்சிரமாவும்?"

செபஸ்டின் டீ குடிக்க இறங்கிப் போனான். மறுவாரம் அவளுக்கும் இரண்டு துண்டு மீன் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தான். எங்க வூட்ல இந்த மாதிரி மீன் எடுக்கறதில்ல சார் என்று பணிவாகச் சொல்லி, திருப்பி மேசையில் வைத்துவிட்டாள்.

மெஷின் நல்ல மாணவன். சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு வாரம் வஞ்சிரக் குஞ்சை மட்டும் நெத்திலி என்றது. பிறகு சூரைக் குஞ்சையும் சேர்த்துக்கொண்டது. முழங்கை நீள மீனே நெத்திலி என்றால் எதுதான் நெத்திலி இல்லை என்று அதற்கு ஒரு தெளிவு வந்திருக்க வேண்டும். மார்ச் மாதத்தில் சங்கரா நெத்திலி ஆனது, வாவல் நெத்திலி ஆனது, வலையில் மாட்டிய ஒரு ரப்பர் செருப்பும் நெத்திலி ஆனது. மெஷினுக்குச் சந்தேகம் என்பதே இல்லாமல் போயிற்று. சந்தேகம் இல்லாததால் பெரம்பலூருக்குப் படம் வருவது நின்றது. பன்னிரண்டு பேரும் காலையில் வந்து கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

சென்னையில் திட்டத்தைக் கவனித்துவந்த ஆர்த்தி என்ற அதிகாரிக்கு இந்தச் சேதி வேறுவிதமாகப் போய்ச் சேர்ந்தது. அவர் தினமும் பார்ப்பது ஒரு கோட்டுப் படம் மட்டும். மெஷினுக்கு எத்தனை சந்தேகம் வருகிறது என்று காட்டும் கோடு அது. மாசத்துக்கு மாசம் இறங்கி, இப்போது தரையில் படுத்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் மெஷினைத் தேற்றிய டீம் வேறெங்கும் இல்லை என்று அவர் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். வரும் புதன்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் எல்லோர் முன்பாகவும் செபஸ்டினைக் கௌரவிப்பதாகவும் எழுதியிருந்தார்.

துறைமுகத்தில் நிலைமை அவ்வளவு இனிமையாக இல்லை. அன்றன்று வந்த மீன் விவரம் ஏலக்கூடத்தில் ஒரு பெரிய டி.வி.யில் தானாக ஓடும். நாற்பது படகில் முப்பத்தெட்டு டன் நெத்திலி என்று அதில் வந்ததும், கருவாட்டு வியாபாரிகள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அதிலும் பாலாஜியின் படகில்தான் அதிகம் என்று போட்டிருந்ததால் நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போனார்கள். நெத்திலி இல்லை என்று அவர் சொன்னார். பதுக்குகிறார் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பாலாஜி ஐஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செபஸ்டினுக்குப் போன் செய்தார். பற்கள் தந்தியடித்தன. "கொஞ்சம் நெத்திலியைக் கொறைங்க சார்," என்று கெஞ்சினார். மெஷின் இப்போது தன்னை எதுவும் கேட்பதில்லை என்று செபஸ்டின் சொல்ல வேண்டியதாயிற்று.

புதன்கிழமை காலை கீதாஞ்சலி முந்தைய நாள் அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு செபஸ்டினைக் கூப்பிட்டாள். பாலாஜியின் படகில் பதிவான ஒரு வரி: நெத்திலி, ஒன்று. நீளம் ஐந்தடி நான்கு அங்குலம். எடை அறுபத்தோரு கிலோ. படத்தைத் திறந்தால், தரம் பிரிக்கும் பலகையில் கட்டம் போட்ட லுங்கியோடு ஒரு படகுத் தொழிலாளி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கீதாஞ்சலி வாயைப் பொத்திக்கொண்டாள். செபஸ்டினும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாடிப்படியில் ஒரு பெண் ஏறி வந்தாள்.

அவளுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான் இருக்கும். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. பெயர் வேணி என்றும், அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்ததாகவும் சொன்னாள். ஏலக்கூடத்து டி.வி.யில் அடியில் ஒரு வரி ஓடுமாம்: 'சரிபார்த்தவர் செபஸ்டின், பெரம்பலூர்'. எதையாவது யாராவது தப்பாகச் சொன்னால் 'பெரம்பலூர் நெத்திலி' என்று சிரிப்பது அங்கே இப்போது பழக்கமாகிவிட்டதாம். மீன் பார்க்கிற ஊர் என்பதால் இங்கேயும் கடல் இருக்கும் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறாள். இருந்தது, ஆனால் பல கோடி வருசத்துக்கு முன்னாடி, அரியலூர்ப் பக்கம் தோண்டினால் இன்னமும் சிப்பி கிடைக்கும் என்று அவர் விளக்கிவிட்டு இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

செபஸ்டின் உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. தூக்கைத் திறந்து, கரைந்துபோன ஐஸ் தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு மீனை எடுத்து அவன் மேசைமேல் வைத்தாள். ஒன்று விரலளவு. இன்னொன்று வாலை மடக்கித் தூக்குக்குள் திணித்த முழங்கை நீள மீன்.

"இது என்னன்னு தெரியுதாங்க?" என்று கேட்டாள்.

"இது நெத்திலி. இது வஞ்சிரக் குஞ்சு," என்றான் செபஸ்டின். மீனின் பெயரை யாராவது கேட்டால் சரியாகச் சொல்லிவிடும் பழக்கம் அவனை முந்திக்கொண்டது.

வேணி அவனையே பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"தெரியாம போடுறீங்கன்னு நெனச்சேன். கடல் இல்லாத ஊரு, பாவம் அவுங்களுக்கு எப்புடித் தெரியும், காட்டிக் குடுத்துட்டு வந்துருவோம்னுதான் தூக்கிட்டு வந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே."

வேணி நின்றபடியே மீதியைச் சொன்னாள். அவள் புருசன் தமிழரசனுக்குச் சின்ன ஃபைபர் படகு. கரையோரத்தில்தான் தொழில். இந்த வருசம் பெரிய படகுகள் அதே இடத்தில் குஞ்சையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டன. எந்த வருசமும் இந்நேரம் இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். இந்த வருசம் கேட்டால், அங்கே குஞ்சே இல்லை, எல்லாம் நெத்திலி என்று மெஷின் சொல்கிறதாம். கரையோரத்தில் ஒன்றும் இல்லாமல் தமிழரசன் தள்ளிப் போயிருக்கிறான். அந்தப் படகு அவ்வளவு தூரத்துக்கு ஆனதில்லை. இன்ஜின் நின்றுபோய் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தான். இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்ததில் கை அதில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வேறு படகுக்காரர்கள் பார்த்துக் கரை சேர்த்தார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

அவள் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. இரண்டு மீனையும் எடுத்துத் தூக்கில் போட்டு மூடினாள். கீதாஞ்சலி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, நான்கு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், போயிட்டு வரேன் என்று இறங்கிவிட்டாள்.

செபஸ்டின் சாப்பிடப் போகவில்லை. அவன் மேசையில் மீன் இருந்த இடத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தது. அதைத் துடைக்கவும் கை வரவில்லை. பாலாஜி கேட்டபோது முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக எத்தனை வெள்ளிக்கிழமை என்று எண்ணிப் பார்த்தான். இரண்டு விரல்.

மூன்று மணிக்கு எல்லோரும் பெரிய திரைக்கு முன்னால் கூடினார்கள். யாரோ கேக் வாங்கி வந்து அதில் மீன் படமும் போட்டு வைத்திருந்தார்கள். திரையில் ஆர்த்தி வந்தார். கோட்டுப் படத்தைக் காட்டினார். நாடு முழுக்க இதை முன்மாதிரியாகக் காட்டப் போவதாகச் சொல்லி, செபஸ்டினை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

செபஸ்டின் எழுந்தான்.

"மேடம், மெஷினுக்குச் சந்தேகம் வராம போனதுக்கு நாந்தான் காரணம். நா பொய்யா பதிஞ்சேன். வஞ்சிரக் குஞ்சை நெத்திலின்னு போட்டேன். அதுக்குப் பதிலா வாராவாரம் மீன் வாங்கிக்கிட்டேன்."

ஆர்த்திக்கு முதலில் புரியவில்லை, கேட்கவில்லை என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினார். அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. கீதாஞ்சலி, யாரும் சொல்லாமலேயே, லுங்கி கட்டிய நெத்திலியின் படத்தைத் திரையில் போட்டாள். எத்தனை படம் என்று மட்டும் கேட்டார் ஆர்த்தி. பதினோராயிரத்து நானூற்று இருபது என்றான் செபஸ்டின். இவ்வளவு நாளில் ஒரு படத்தைக்கூட நானும் திறந்து பார்க்கவில்லை, கோட்டை மட்டுமே பார்த்தேன் என்று அவர் தணிந்த குரலில் ஒப்புக்கொண்டார். பிறகு மேலிடத்தில் பேச வேண்டும் என்று திரையை அணைத்துவிட்டார். கேக்கை யாரும் வெட்டவில்லை.

மறுநாளே கரையோரப் பகுதி மூடப்பட்டது. நாற்பது படகிலும் மெஷின் நிறுத்தப்பட்டு, பழையபடி நோட்டு வந்தது. பக்கத்தில் ஒரு அதிகாரியையும் உட்கார வைத்தார்கள். பாலாஜியின் மூன்று படகுகளுக்கும் கடலுக்குப் போக அனுமதி ரத்தானது. செபஸ்டினை வேலையிலிருந்து எடுக்க உத்தரவு தயாரானது. தானே வந்து ஒப்புக்கொண்டதாலும், எந்தப் படம் எதுவென்று அவனுக்குத்தான் தெரியும் என்பதாலும் அதை நிறுத்திவைத்தார்கள். டீம் லீடர் பதவி கீதாஞ்சலிக்குப் போயிற்று. பதினோராயிரத்து நானூற்று இருபது படத்தையும் அவன் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்; ஒவ்வொன்றையும் கீதாஞ்சலி சரிபார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் பெட்டி வந்துவிட்டது. இந்த முறை இரண்டு பெட்டி. என்ன நடந்தது என்று பாலாஜிக்கு முழுதும் தெரிவதற்குள் அனுப்பியது போலும். செபஸ்டின் அவற்றைத் திருப்பி அனுப்ப பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் அலைந்தான். கடலிலிருந்து மீன் வாங்கிவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கடலுக்கு மீன் அனுப்புகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் ஒரு கண்டக்டர். இன்னொருவர் மோந்து பார்த்துவிட்டு, தஞ்சாவூர் தாண்டுவதற்குள் பயணிகள் தன்னைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள் என்றார். கடைசியில் ஒரு காலி லாரிக்காரர் கூலி பேசி ஏற்றிக்கொண்டார். மீன் எந்த நிலைமையில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பாலாஜி போனில் விவரமாகச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு வரதராஜன்பேட்டையில் இறங்கியவனை லீலா மேரி மட்டுமல்ல, தெருவே ஏமாற்றத்தோடு பார்த்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவன் முடித்தபின் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பதினோரு வூட்டுக்குக் குடுத்தேங்க. என் கையால வெட்டிக் குடுத்தேன். உங்களோட சேத்து அவுங்க எல்லாரையும்ல லஞ்சம் வாங்க வெச்சிட்டீங்க."

மறுநாள் அவள் பதினோரு வீட்டுக்கும் தானே நேரில் போய் உண்மையைச் சொன்னாள். பத்து வீட்டில் சங்கடப்பட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும், அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், இனிமே வராதா என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவளுக்கு யாரும் இடம் பிடித்து வைக்கவில்லை. அவள் பின்வரிசையில் போய் நின்றாள். செபஸ்டின் ஆண்கள் பக்கத்தில் அதற்கும் பின்னால் நின்றான்.

ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றன. அந்த இரண்டு மாதமும் செபஸ்டின் திருத்திக்கொண்டே இருந்தான். தன் பொய்யைத் தானே ஒவ்வொன்றாகப் பார்ப்பது லேசான வேலை இல்லை. சில படங்களில் அந்தக் குஞ்சு இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும். கீதாஞ்சலி தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. ஒரேயடியாக நாற்பது படத்தைத் திருப்பி அனுப்பிய நாளும் உண்டு. தடை முடிந்து ஜூனில் படகுகள் மறுபடி கடலுக்குப் போனபோது மெஷினையும் கூட அனுப்பினார்கள். முதல் நாள் மாடியில் பன்னிரண்டு பேரும் மூச்சுவிடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தேகாலுக்கு ஒரு படம் வந்தது. 'வஞ்சிரக் குஞ்சாக இருக்கலாம், சந்தேகம்' என்று மெஷின் கேட்டிருந்தது. அதற்குச் சந்தேகம் திரும்பி வந்துவிட்டதில், பரீட்சையில் பாஸானது போல் எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று மாலை செபஸ்டின் வேணிக்குப் போன் செய்தான். நம்பரை, வேணி ஆபீஸுக்கு வந்த அன்றே கீதாஞ்சலி வாங்கி வைத்திருந்தாள். எல்லாப் படத்தையும் திருத்திவிட்டதையும், மெஷின் சரியாகப் பதிவதையும் சொன்னான். அவள் கொஞ்சம் சந்தோஷப்படுவாள், ஒருவேளை மன்னித்துவிட்டேன் என்றுகூடச் சொல்வாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. மறுமுனையில் மீன் விற்கும் சத்தம் கேட்டது. தமிழரசன் இடது கையால் துடுப்புப் பிடிக்கப் பழகுகிறான், நான் தலைச்சுமையில் மீன் விற்கிறேன் என்றாள். டி.வி.யில் இன்றைக்கு வஞ்சிரம் என்று போட்டதைப் பார்த்ததாகவும் சொன்னாள்.

பிறகு, "உங்க வேலையத்தான செஞ்சீங்க? அதுக்கு எதுக்குங்க போன் பண்ணி சொல்றீங்க," என்று கேட்டுவிட்டு, வாடிக்கை காத்திருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

செபஸ்டினுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ரூமுக்கு நடந்தே போனான். போகப் போக, அவள் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸில் புதிதாக எட்டுப் பேர் சேர்ந்தார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து மூன்று பேர், மற்றவர்கள் அக்கம்பக்கத்து ஊர்கள். பயிற்சி கொடுக்கும் பொறுப்பைக் கீதாஞ்சலி செபஸ்டினிடம்தான் கொடுத்தாள். மீன்களைப் பற்றி ஆரம்பிக்கும் முன் அவன் நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் சொன்னான். பெட்டியைச் சொன்னான், செருப்பைச் சொன்னான், லுங்கியைச் சொன்னான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விரலைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

சுமதி என்ற புதுப் பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். அவ்வளவு தூரத்துக் கடல், இங்கே இருந்து ஒரு படத்தை மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்கும் தோன்றியிருக்கும் என்றாள்.

"எனக்கும் அப்படித்தாம்மா தோணுச்சு," என்றான் செபஸ்டின். "யாருக்குத் தெரியும்னு நெனச்சு போடுற பொய், முகம் தெரியாத ஒருத்தர் வூட்டுலதான் போய் விழும். கையில வாங்கினது பணமா இருந்தாலும் ஒரு துண்டு மீனா இருந்தாலும் லஞ்சம் லஞ்சந்தான். அப்புறம், நம்ம வேலைய ஒழுங்கா செய்யறது யாருக்கும் பண்ற உபகாரம் கெடையாது. அதுக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க. சொல்லணும்னு எதிர்பாக்கவும் கூடாது."

சொல்லிவிட்டு முதல் படத்தைத் திரையில் போட்டான். எட்டுப் பேரும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்கள்.